ஒன்பது அணிக்கு ஆடிய குவாட்டர்பேக்: ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக்கை எப்படி எடைபோடுவது?

ஜூன் 2, இரவு 9.40 (இழையைத் தொடங்கிய கேள்வி)

அமெரிக்கக் கால்பந்து லீக்கான NFL-இல் குவாட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஃபிட்ஸ்பாட்ரிக் ஆடியது 17 சீசன், 9 அணி. தொடக்க ஆட்டக்காரராக இறங்கியதில் 59 வெற்றி, 87 தோல்வி, 1 சமன். பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்று) ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு அணியும் ஓரிரு வருடத்தில் கைகழுவிவிட்டது. இவரை ஏன் இந்தக் கொண்டாட்டு கொண்டாடுகிறீர்கள்? சுமாரான ஆட்டக்காரர், அதிர்ஷ்டம் கைகொடுத்தது, அவ்வளவுதானே?

ஜூன் 2, இரவு 11.15

ஓரிரு வருடம் என்பது தவறு. பஃபலோ பில்ஸ் அணியில் மட்டும் 2009 முதல் 2012 வரை நான்கு சீசன். ராம்ஸ், பெங்கால்ஸ், ஜெட்ஸ், பக்கனியர்ஸ் (டாம்பா பே), டால்ஃபின்ஸ் (மயாமி) ஒவ்வொன்றிலும் இரண்டு. டைட்டன்ஸ், டெக்சன்ஸ், வாஷிங்டன் மூன்றில்தான் ஒரே சீசன்.

எங்கிருந்து தொடங்கினார் என்பதையும் பாருங்கள். ஹார்வர்டில் படித்தவர். 2005 டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மொத்தம் 255 பேர் எடுக்கப்பட்டார்கள், இவர் 250ஆவது. அந்த இடத்தில் எடுக்கப்படும் குவாட்டர்பேக்குகளில் பெரும்பாலோர் ஒரு ஆட்டம்கூடத் தொடங்காமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இவர் 147 ஆட்டம் தொடங்கினார். 34,990 யார்டு, 223 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது), 169 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது). ஒன்பது அணிகளுக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர், எட்டு அணிகளுக்கு டச்டவுன் எறிந்தவர் வேறு எவரும் இல்லை.

எட்டு முறை ஊர் மாறினார் என்றால், எட்டு முறை ஒரு பொது மேலாளர் இவர் ஆடிய வீடியோவையெல்லாம் பார்த்துவிட்டு "இவர் நமக்கு வேண்டும்" என்று கையெழுத்துப் போட்டார் என்று அர்த்தம். அதிர்ஷ்டம் 17 வருடம் தாங்காது.

ஜூன் 3, காலை 7.05

முதல் ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2005 நவம்பர் 27, ராம்ஸுக்காக, ஹூஸ்டன் டெக்சன்ஸுக்கு எதிராக. தொடக்க குவாட்டர்பேக் மார்க் பல்ஜர் ஏற்கெனவே காயம். மாற்று ஆளான ஜேமி மார்ட்டின் அந்த ஆட்டத்திலேயே அடிபட்டார். மூன்றாவது ஆளாக இவர் இறங்கினார். இடைவேளையில் ராம்ஸ் 3, டெக்சன்ஸ் 24. முடிவில் கூடுதல் நேரத்தில் கெவின் கர்ட்டிஸுக்கு 56 யார்டு டச்டவுன், ராம்ஸ் 33-27. இவர் எறிந்தது 310 யார்டு, 3 டச்டவுன். ஆன்சைட் கிக் (உதைத்த அணியே திரும்பப் பிடிக்கப் பார்க்கும் குட்டி உதை) கையில் சிக்கியதும் உதவியது, அதை மறைக்க வேண்டாம்.

ஜூன் 3, இரவு 10.30

"பில்ஸில் 59 மில்லியன் ஒப்பந்தம் கொடுத்தார்களே, அதற்கு அப்புறம் ஏன் விழுந்தார்?" என்று கேட்டிருக்கிறார்கள்.

2011 சீசனில் பில்ஸ் 4-2 என்று போய்க்கொண்டிருந்தபோது, அக்டோபர் கடைசியில் ஆறு வருடம், 59 மில்லியன் டாலர் என்று கையெழுத்தானது. அடுத்து டொரன்டோவில் வாஷிங்டனை 23-0 என்று அடித்தார்கள். அந்த ஆட்டத்தில் இவருக்கு விலா எலும்பு முறிந்தது. சீசன் முடிந்த பிறகுதான் சொன்னார். அதற்கடுத்து ஏழு ஆட்டம் வரிசையாகத் தோல்வி, முடிவு 6-10. அந்த வருடம் 24 டச்டவுன், 23 இன்டர்செப்ஷன்.

விலா போனால் குவாட்டர்பேக்குக்கு என்ன ஆகும்? எறிதலின் வேகம் தோளிலிருந்து மட்டும் வருவதில்லை. இடுப்பு முதலில் திரும்பும், உடல் பின்னால் முறுக்கிக்கொண்டு வரும், கடைசியில்தான் கை. விலா வலித்தால் முறுக்கு குறையும். 18 யார்டு வெளிப்பாதைப் பந்து (ஓரக்கோட்டுப் பக்கம் ஓடுபவருக்கு எறிவது) கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தில் கார்னர்பேக் (பந்தைப் பிடிப்பவரைக் காவல் காக்கும் தற்காப்பு வீரர்) குறுக்கே பாய்ந்துவிடுவார். ஏற்கெனவே இவர் கை சராசரிதான். கையில் இருந்த கொஞ்ச இடைவெளியும் போனது. விலா மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அணியின் தற்காப்பும் அந்த ஏழு ஆட்டத்தில் ஓட்டை.

ஜூன் 5, மதியம் 1.20

இந்த மாதிரி ஆட்டக்காரரின் பாதையைப் புரிந்துகொள்ள, அணியின் பெயரை விடுங்கள், தாக்குதல் பயிற்சியாளர் யார் என்று பாருங்கள். சான் கெய்லி. பஃபலோவில் 2010-12 தலைமைப் பயிற்சியாளர். ஜெட்ஸில் 2015-16 தாக்குதல் ஒருங்கிணைப்பாளர். மயாமியில் 2020. மூன்று ஊரிலும் ஃபிட்ஸ்பாட்ரிக் அங்கே இருக்கிறார்.

கெய்லியின் முறையில் மூன்று நான்கு ரிசீவர்களை (பந்தைப் பிடிப்பவர்களை) அகலமாகப் பரப்பி நிறுத்துவார்கள். குவாட்டர்பேக் ஷாட்கன்னில், அதாவது பந்தைப் பின்னால் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்கும் சென்டருக்கு ஐந்து யார்டு பின்னால். எதிரணியை விரித்துவிட்டால் யார் பாய்ந்து வரப்போகிறார், யார் பின்வாங்குகிறார் என்று ஸ்நாப்புக்கு (சென்டர் பந்தை அனுப்புவது) முன்பே தெரியும். பிறகு பந்து இரண்டரை நொடிக்குள் கையை விட்டுப் போக வேண்டும். வலுவான கை இல்லாமல் வேகமான மூளை உள்ளவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. 2015இல் ஜெட்ஸில் 31 டச்டவுன், அந்த அணியின் ஒரு சீசன் சாதனை. பிராண்டன் மார்ஷல் 1,502 யார்டு பிடித்தார்.

அந்த வாய்ப்பு வந்த விதமும் இந்தத் தொழிலின் லட்சணம்தான். ஆகஸ்டில் உடைமாற்றும் அறையில் சக வீரர் ஒருவர் குத்தியதில் ஜீனோ ஸ்மித்தின் தாடை உடைந்தது. இவர் அப்போது மாற்று ஆள்.

ஜூன் 6, இரவு 8.50

"வந்து ஐந்தே நாளில் ஒருவர் எப்படி ஆடமுடியும்? பிளேபுக் (அணியின் ஆட்டத் திட்டத் தொகுப்பு) முழுக்கப் படித்துவிடுவார்களா?"

முழுக்கப் படிப்பதில்லை. தெளிவான உதாரணம் ஜாஷ் டாப்ஸ். 2023 அக்டோபர் 31 அன்று அரிசோனா அவரை மினசோட்டாவுக்கு அனுப்பியது. நவம்பர் 5 அட்லாண்டாவில் ஆட்டம். தொடங்கியவர் ஜேரன் ஹால். முதல் கால்பகுதியிலேயே தலையில் அடி. டாப்ஸ் உள்ளே போக வேண்டிவந்தது. அந்த வாரம் முதல் அணியோடு ஒரு ஸ்நாப்கூட அவர் எடுக்கவில்லை, ஏனென்றால் பயிற்சி நேரம் தொடக்க ஆட்டக்காரருக்கே போகும்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று சென்டரிடம் ஸ்நாப் வாங்கிப் பழகினார். தாக்குதல் வரிசையை முன்னால் நிற்கவைத்துத் தன் குரலில் எண்ணிக்கை சொல்லிக் காட்டினார். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஐந்து பேர் ஒரே கணத்தில் கிளம்ப அந்தக் குரலின் தாளம்தான் ஆதாரம். "ஹட்" என்பதை இழுத்துச் சொல்பவர், வெட்டிச் சொல்பவர் என்று ஆளுக்கு ஆள் மாறும். பழகாத குரல் என்றால் ஒருவர் முன்பே நகர்ந்து ஐந்து யார்டு அபராதம், அல்லது எல்லோரும் தாமதமாக எழுந்து சாக் (எறியுமுன்பே குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது). சென்டரின் ஸ்நாப்பும் அப்படித்தான்: ஒருவர் பந்தைச் சுழற்றி அனுப்புவார், ஒருவர் சுழலாமல். கண் எதிரணி மேல் இருக்கும்போது பந்து கைக்கு எங்கே வரும் என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாப்ஸ் ஆரம்பத்தில் சேஃப்டி (சொந்த எல்லைக்குள் சிக்கி எதிரணிக்கு 2 புள்ளி) கொடுத்தார், பந்தையும் தவறவிட்டார். பழக்கமின்மை எங்கே தெரிய வேண்டுமோ அங்கேதான் தெரிந்தது.

மீதியைப் பயிற்சியாளர் கெவின் ஓ'கானல் ஹெல்மெட் வானொலியில் சொன்னார். பின்புறம் பச்சைப் புள்ளி ஒட்டிய ஹெல்மெட்டில்தான் அந்த ஒலிபெருக்கி இருக்கும். அடுத்த ஸ்நாப்புக்கான கடிகாரம் 40 நொடி. அதில் 15 நொடி மிச்சமிருக்கும்போது இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். ஆக, கிடைப்பது 25 நொடி. அதற்குள் ஆட்டத்தின் பெயர், யார் எந்தப் பாதை, முதலில் யாரைப் பார், இல்லையென்றால் எங்கே ஓடு, எல்லாம். கடைசியில் 22 நொடி மிச்சம் இருக்கும்போது பிராண்டன் பவலுக்கு டச்டவுன், 31-28.

இன்னொன்று, பேக்கர் மேஃபீல்ட். 2022 டிசம்பர் 6 செவ்வாய் ராம்ஸ் எடுத்தது, 8ஆம் தேதி வியாழன் ஆடினார். கடைசித் தாக்குதல் 98 யார்டு, டைம்அவுட் கிடையாது, ரெய்டர்ஸை 17-16 என்று முடித்தார்.

ஜூன் 6, இரவு 11.40

மேலே உள்ளதோடு சேர்த்துப் படியுங்கள். ஊர் மாறுபவருக்குப் பெரிய தலைவலி மொழி. ஆட்டம் ஒன்றே, பெயர் வைக்கும் முறை மூன்று குடும்பம்.

வெஸ்ட் கோஸ்ட் முறையில் பெயர் நீளும். "ஸ்பைடர் 2 ஒய் பனானா" என்றால் ஸ்பைடர் 2 என்பது பாதுகாப்பு முறை, ஒய் என்பது டைட் எண்ட் (வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), பனானா அவர் வளைந்து ஓடும் பாதை. இது குட்டிப் பெயர். நிற்கும் அமைப்பு, நகர்வு, மாற்று ஆட்டம் எல்லாம் சேர்ந்தால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. கோரியெல் முறையில் இலக்கங்கள்: 9 நேராக ஓடு, 8 உள்பக்கம் சாய்ந்து ஓடு என்று ஒவ்வொரு பாதைக்கும் ஒரு எண். "525" என்றால் மூன்று ரிசீவர்களுக்கு வரிசையாக 5, 2, 5. எர்ஹார்ட்-பெர்கின்ஸ் முறையில் மொத்தக் கருத்துக்கும் ஒரே சொல். யார் எங்கே நின்றாலும் அந்தப் பக்கத்து உள்ளாள், வெளியாள் என்று பாதை பிரியும். பேட்ரியட்ஸ் இருபது வருடம் ஓட்டியது இதைத்தான்.

பழைய ஆட்டக்காரர் புதுப் பெயரைத் தன் பழைய பெயரோடு முடிச்சுப் போட்டு மனப்பாடம் செய்வார். பிரச்சினை அவசரத்தில் வரும். நேரமில்லாமல் கோட்டுக்கு ஓடிப்போய்க் கத்தும்போது வாயில் பழைய அணியின் சொல் வந்துவிடும். பத்துப் பேர் முழிப்பார்கள். அதனால்தான் மணிக்கட்டுப் பட்டையில் எண்ணிட்ட பட்டியல் கட்டிக்கொள்கிறார்கள். பயிற்சியாளர் "47" என்பார், இவர் பட்டையைப் பார்த்து முழுப் பெயரையும் வாசிப்பார்.

ஜூன் 8, காலை 6.45

மாற்று ஆளின் வாரம் பற்றிச் சுருக்கமாக. பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். புதன்கிழமை, முதல் இரண்டு டவுனுக்கான ஆட்டங்கள், வியாழன் மூன்றாம் டவுன், வெள்ளி ரெட் ஸோன் (எதிரணி எல்லைக்கு முந்தைய கடைசி 20 யார்டு). பெரும்பாலான அணிகளில் இந்த வரிசைதான். தொடக்க ஆட்டக்காரர் கிட்டத்தட்ட எல்லா ஸ்நாப்பையும் எடுப்பார். மாற்று ஆள் எதிரணி குவாட்டர்பேக்காக நடித்து நம் தற்காப்புக்குப் பயிற்சி தருவார். உதவிப் பயிற்சியாளர் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார், அதில் எதிரணியின் ஆட்டம் வரைந்திருக்கும், ஒரு ரிசீவரைச் சுற்றி வட்டம். மூடியிருந்தாலும் அந்த ஆளுக்குத்தான் எறிய வேண்டும். மாதக்கணக்கில் இதைச் செய்தால் "திறந்திருப்பவரைத் தேடு" என்ற பழக்கம் மழுங்கும். நல்ல மாற்று ஆட்கள் பயிற்சி முடிந்தபின் பயிற்சிக் குழு (முக்கியப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கும் வீரர்கள்) ரிசீவர்களை நிறுத்திவைத்து அந்த வாரத்துச் சொந்த ஆட்டங்களைத் தனியாக எறிந்து பார்ப்பார்கள். தொலைக்காட்சியில் இந்த உழைப்பு ஒரு நொடிகூடத் தெரியாது.

ஜூன் 8, இரவு 9.10

"14 அணிக்கு ஆடிய ஜாஷ் ஜான்சன் இருக்கும்போது ஃபிட்ஸ்பாட்ரிக் சாதனை எப்படி?"

ஜான்சன் 14 அணிகளில் ஒப்பந்தம் போட்டார், அது லீக் சாதனை. ஆனால் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது டாம்பா பே, வாஷிங்டன், பால்டிமோர் மூன்றுக்குத்தான். இரண்டும் வேறு வேறு கணக்கு.

அவர் கதையும் சாதாரணம் இல்லை. 2018இல் வாஷிங்டனில் அலெக்ஸ் ஸ்மித், கோல்ட் மெக்காய் இருவருக்கும் கால் முறிந்தது. டிசம்பர் தொடக்கத்தில் கூப்பிட்டார்கள். சக வீரர்களின் பெயர் தெரியாமல் மேடன் வீடியோ விளையாட்டில் அணியை ஓட்டிப் பெயர் கற்றார். டிசம்பர் 16 ஜாக்சன்வில்லை 16-13 என்று வென்றார்கள். டிராஃப்டாகிப் பத்து வருடம் கழித்துத் தொடக்க ஆட்டக்காரராக முதல் வெற்றி. 2021இல் பால்டிமோரில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் பெங்கால்ஸுக்கு எதிராக 304 யார்டு எறிந்தார்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்தபோது 2023 ஜனவரி 29 பிலடெல்ஃபியாவுக்கு எதிரான ஆட்டம்தான் வேதனை. தொடக்க ஆட்டக்காரர் பிராக் பர்டிக்கு முழங்கைத் தசைநார் போனது, ஜான்சன் வந்தார், மூன்றாம் கால்பகுதியில் அவருக்கும் தலையில் அடி. எறிய முடியாத பர்டி திரும்ப வந்து பந்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 31-7 என்று தோல்வி. அந்த மே மாதமே விதி மாறியது, அப்போது வந்த வடிவில்: அணியின் 53 பேர் பட்டியலில் மூன்றாவது குவாட்டர்பேக் ஒருவரை, ஆட்டநாள் எண்ணிக்கையில் சேர்க்காமல் அவசர ஆளாக வைக்கலாம், முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றப்பட்டோ ஆட முடியாதபோது மட்டும் அவர் இறங்கலாம்.

ஜூன் 10, இரவு 10.00

பணம், விதி பற்றிக் கேட்டிருந்தார்கள். அணி மாறுதலில் பாதி இங்கேதான் தீர்மானமாகிறது.

2024 கணக்கில் புதியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7,95,000 டாலர். ஏழு சீசனோ அதற்கு மேலோ ஆனவருக்கு 12,10,000. அப்படியென்றால் அணிகள் மூத்தவரை ஒதுக்கிவிடும். அதைத் தடுக்க ஒரு சலுகை: குறைந்தபட்ச ஒப்பந்தம் என்றால், மூத்தவர் முழுச் சம்பளத்தையும் வாங்குவார், அணியின் சம்பள வரம்பில் மட்டும் இரண்டு வருட ஆளின் தொகை, 9,85,000, ஏறும். 35 வயது மாற்று குவாட்டர்பேக் வேலையில் இருப்பதற்கு இந்த ஒரு வரி பெரிய காரணம்.

அடுத்தது முதல் வாரம். நான்கு சீசன் முடித்தவர் முதல் வார ஆட்டத்துக்கு 53 பேரில் இருந்துவிட்டால், பிறகு நீக்கினாலும் அந்த வருடத்து மிச்சச் சம்பளத்தைக் கேட்டு வாங்கலாம், வாழ்நாளில் ஒரு முறை. அதனால் சில அணிகள் ஆகஸ்ட் கடைசியில் மூத்தவரை நீக்கிவிட்டு, முதல் ஆட்டம் முடிந்தபின் அதே ஆளைத் திரும்பக் கூப்பிடும். "நீக்கப்பட்டார்" என்ற செய்தியைப் பார்த்ததும் திறமை போய்விட்டது என்று முடிவுகட்டுபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

பயிற்சிக் குழுவிலிருந்து ஒருவரை ஒரு சீசனில் மூன்று முறை ஆட்டநாளுக்கு உயர்த்தலாம். நான்காவது முறை 53 பேர் பட்டியலில் ஒப்பந்தம் போட்டாக வேண்டும்.

ஜூன் 11, காலை 7.30

மேலே சொன்னதற்கு ஒட்டு: ஜாஷ் மெக்கவுன். 2020 கொரோனா வருடத்தில் 41 வயதில் பிலடெல்ஃபியா பயிற்சிக் குழுவில் இருந்தார், டெக்சஸில் தன் வீட்டிலிருந்தே, வாரம் 12,000 டாலர். அணியின் குவாட்டர்பேக்குகள் மொத்தமாகத் தனிமைப்படுத்தப்பட்டால் தொற்று படாத ஒருவர் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். அதே வருடம் ஜனவரியில் தொடக்க ஆட்டக்காரர் வென்ட்ஸ் அடிபட்டு, இவர் 40 வயதில் முதல் பிளேஆஃப் ஆட்டம் ஆடினார். தொடைப் பின்தசை கிழிந்த நிலையிலேயே முடித்தார். 2013இல் சிகாகோவில் 13 டச்டவுன், 1 இன்டர்செப்ஷன். அடுத்த வருடம் டாம்பாவில் தொடக்க ஆட்டக்காரராக 1-10. ஆள் அதே ஆள்தான். சுற்றியிருந்தவர்கள்தான் மாறினார்கள்.

ஜூன் 12, இரவு 9.25

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "அப்படியென்றால் 169 இன்டர்செப்ஷன்?" என்கிறார். நியாயம். பூசி மெழுக வேண்டாம்.

2016 ஜனவரி 3, பஃபலோவில் வென்றால் ஜெட்ஸ் பிளேஆஃப். 22-17 தோல்வி, கடைசி மூன்று தாக்குதலிலும் இன்டர்செப்ஷன். அதே வருடம் செப்டம்பரில் கேன்சஸ் சிட்டியில் ஒரே ஆட்டத்தில் ஆறு. காரணம் அவர் பலத்திலேயே இருக்கிறது. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை அனுப்புபவர் இவர். எதிரணி எங்கே இருக்கும் என்று ஊகித்து எறிகிறார். ஊகம் பலித்தால் கார்னர்பேக்குக்கு எட்டாது. எதிரணிப் பயிற்சியாளர் ஸ்நாப்புக்கு முன் ஒரு அமைப்பைக் காட்டி, பிறகு வேறொன்றுக்கு மாறினால் பந்து நேராக அவர்கள் நெஞ்சுக்குப் போகும். வலுவான கை உள்ளவர் அரை நொடி காத்திருந்து பார்த்து எறியலாம், இவரால் முடியாது. பின்தங்கியிருக்கும்போது மேலும் துணிவார்.

2018 டாம்பாவில் இரண்டையும் ஒரே மாதத்தில் பார்க்கலாம்: 417, 402, 411 என்று வரிசையாக மூன்று ஆட்டத்தில் 400 யார்டுக்கு மேல், அதுவரை லீக்கில் யாரும் செய்யாதது. மூன்றாவதிலேயே 3 இன்டர்செப்ஷன். நான்காவதில் சிகாகோ 48-10 என்று நொறுக்க, இடைவேளையோடு உட்காரவைத்தார்கள். ஒரு சீசன் முழுக்க இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க எந்தத் தலைமைப் பயிற்சியாளருக்கும் பொறுமை இருக்காது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஆள் வேண்டும் என்றால் இவரைவிட நல்லவர் கிடைப்பது அரிது. இவர் அத்தனை ஊர் போனதற்கு என் விளக்கம் இதுதான்.

ஜூன் 13, மதியம் 2.00

பார்க்க எது என்று கேட்டவர்களுக்கு: 2019 கடைசி வாரம் பேட்ரியட்ஸ் மைதானத்தில் மயாமி 27-24. 24 நொடி மிச்சத்தில் கெசிக்கிக்கு டச்டவுன். தோற்றதால் பேட்ரியட்ஸுக்குப் பிளேஆஃபின் முதல் வார ஓய்வு போனது. இதன் கடைசித் தாக்குதலை மட்டும் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு ஸ்நாப்புக்கு முன்னும் இவர் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று.

பிறகு 2020 டிசம்பர் 26, லாஸ் வேகாஸ். மயாமியின் தொடக்க ஆட்டக்காரர் டுவாவுக்குப் பதிலாக நான்காம் கால்பகுதியில் இறங்குகிறார். 19 நொடி, சொந்த 25 யார்டு கோடு, டைம்அவுட் இல்லை. எறியும் கணத்தில் எதிராளி முகக்கம்பியைப் பிடித்து இழுக்க, தலை பக்கவாட்டில் திரும்பிவிட்டது. பந்து போன திசையை இவர் பார்க்கவே இல்லை. மேக் ஹாலின்ஸ் 34 யார்டில் பிடித்தார், அபராதம் 15 சேர்ந்தது, சாண்டர்ஸ் 44 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி), 26-25. ரிசீவர் நிற்கும் இடம் நினைவில் இருந்தால்தான் அந்தப் பந்தை எறியமுடியும். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், தலை திரும்புவதற்கு முன்பே தோள் ஹாலின்ஸ் பக்கம் பூட்டியிருப்பது தெரியும்.